மரணத்தின் பின் வரும் மானியம்

மழை ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை என்று ஆறுதல் கூறுவோர் நம்மிடையே உளர். மெய்தான். ஆனால் மலைச்சரிவில் எவரைக் குடியிருத்துவது என்பதைத் தீர்மானித்தது மழையன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, வழிநெடுக நோய்க்கும் பசிக்கும் பலியானோர் போக எஞ்சியவர்களை ஓடையோரத்திலும் வெட்டிச் சமன்செய்த சரிவிலும் லயம் கட்டி அடைத்தவன் தோட்ட முதலாளி. ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. லயத்தின் கூரைத் தகரம் மாறியிருக்கலாம்; அது நிற்கும் சரிவு மாறவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, எமது மாவட்டத்தின் கம்மடுவ பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீட்டர் பெய்தாலே அபாயச் சரிவில் வாழும் மக்கள் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த எல்லை. பெய்ததோ அதன் மும்மடங்கு. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அவற்றுள் பெரும்பங்கு மலைநாட்டு மண்ணுக்குள் புதைந்தது.

முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை வழங்கப்படும் என்று 2025 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. இதை நாம் குறைகூறவில்லை. வீடிழந்தவனுக்கு வீடு வேண்டும். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: வீடு சரிந்தபின் 50 இலட்சம் தரக்கூடிய திறைசேரி, அது சரியுமுன் ஒரு மழைமானிக்கும் ஓர் அபாயச் சங்குக்கும் காசு தேடுவது ஏன்? இறந்தபின் வருவது நிவாரணம். அதைக் கொடுப்பவர் கைநீட்டுவதும் வாங்குபவர் தலைகுனிவதும் படமாகப் பத்திரிகைக்குப் போகும். இறவாமல் காக்கும் நிதிக்குப் படமில்லை, மாலையில்லை, மேடையில்லை. ஆகவே அதற்குக் காசுமில்லை போலும்!

எச்சரிக்கை விடுத்தோமே என்பார்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? அங்கு வாழ்வது ஆபத்து என்று 2005இலும் 2011இலும் கூறப்பட்டிருந்தது. மக்கள் போயிருக்க வேண்டியதுதான். போவதற்கு நிலம் எங்கே? 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை இறங்கி வந்து லயங்களை மூடிற்று. போக்கிடம் தராமல் போவென்று சொல்வது எச்சரிக்கையாகாது. பின்னர் வரக்கூடிய பழியிலிருந்து அதிகாரி தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயமே அது.

ஆழிப்பேரலை கற்பித்த பாடத்தால் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. கொழும்பில் நிலையம் உண்டு. மாவட்டத்தில் அலகு உண்டு. கிராமத்திலும் குழு அமைக்கலாம். ஆனால் கையில் காசில்லாத குழு வெறும் பெயர்ப்பட்டியலே. பிரதேச சபையைக் கேட்போமெனில், தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. கதவு திறந்தது, ஆனால் ஆதன வரியையும் கடை வாடகையையும் நம்பிக் காலந்தள்ளும் சபை, வெறுங்கையுடன் அக்கதவால் நுழைந்து என்ன செய்யும்? பெருந்தோட்டங்கள் பலவற்றில் காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, அபாயம் மட்டும் தொழிலாளியினுடையது!

ஆசிரியர்களாகிய நாம் இதை ஏட்டில் மட்டும் படித்தவர்களல்லர். மலை அசைகிறது என்றதும் மக்கள் ஓடிவருவது பாடசாலைக்கே. வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரிக்கிறோம். நூறு மாணவருக்குப் போதாத மலசலகூடம் முந்நூறு பேருக்கு எப்படிப் போதும்? கைக்குழந்தைக்குப் பாலுக்கும் முதியவரின் மருந்துக்கும் ஆசிரியரும் ஊர்க் கடைக்காரருமே சில்லறை சேர்க்க நேர்கிறது. பாடசாலையை அடைக்கலமாக எண்ணும் அரசு, அடைக்கலத்துக்குரிய நீர்த்தாங்கியையும் விளக்கையும் முன்னரே தந்து வைக்க வேண்டாமா?

நாடு கடனில் கிடக்கிறது, நிதியில்லை என்பது இறுதி வாதம். 1970இல் வங்கக் கரையைச் சூறாவளி தாக்கியபோது இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் விடுதலை பெற்ற வங்காளதேசம் செல்வ நாடாக இருக்கவில்லை. எனினும் கரையோரக் கிராமங்களில் பல்லாயிரம் தொண்டர்களைப் பயிற்றியது, ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்தது, புகலிடங்கள் கட்டியது. 2020இல் அம்பன் சூறாவளி அங்கு வீசியபோது உயிரிழந்தோர் தொகை சில பத்துகளுக்குள் நின்றது. கடல் இரக்கங் காட்டியதால் இது நேரவில்லை. மக்கள் அமைப்பாகத் திரண்டார்கள். அரசு முன்கூட்டியே செலவிட்டது.

ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று. மாத்தளை மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேச சபைக்கும் ஆண்டுதோறும், மழைக்கு முன்னரே, ஆயத்த மானியம் சட்டப்படி வழங்கப்பட வேண்டும். அதன் அளவைச் சபையின் வருமானம் கொண்டன்று, மலையின் அபாயங் கொண்டு வகுக்க வேண்டும். ஒவ்வொரு லயத் தொகுதிக்கும் ஒரு மழைமானியும், அதை வாசிக்கப் பயின்ற இளைஞர் இருவரும் வேண்டும். எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வரவேண்டும். சிவப்பு எல்லைக்குள் வாழ்வோருக்கு உறுதியுடன் மாற்றுக் காணி வேண்டும். செலவுக் கணக்கு இரு மொழியிலும் பாடசாலைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! மழைமானி வாசிப்பது விஞ்ஞான பாடத்தில் உள்ளதே. அதை நாளையே தொடங்குவோம். சிங்களக் கிராமத்துச் சகோதர ஆசிரியர்களையும் அழைப்போம். அவர்கள் தலைக்கு மேலும் நிற்பது இதே மலைதான். ஒன்றாய்ச் சென்று பிரதேச சபை வாயிலில் ஒரே வினாவை எழுப்புவோம்: அடுத்த மழைக்கு முன் எந்த லயத்துக்கு, எவ்வளவு, எந்தத் திகதியில்? எண்ணும் திகதியும் எழுத்தில் கைக்கு வரும்வரை அவ்வாயிலைவிட்டு நகரோம்.