பதறாதே என்பவர்கள்

"பதற்றம் வேண்டாம்" என்ற இரண்டு சொற்களின்மீது எனக்கு நெடுநாளாக ஒரு வெறுப்பு உண்டு. பதறுகிறவனைப் பற்றிக் கவலைப்படாமல், பதற்றத்தைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறவர்கள் சொல்லும் வார்த்தை அது.

2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். எண்ணூரில், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக விழித்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 50-க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2004-இல் சுனாமி வந்ததும் இதே டிசம்பர் 26-தான். அந்தக் கரைக்கு அந்தத் தேதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

இந்த ஓட்டத்துக்குப் 'பீதி' என்று பெயர் வைக்கிறார்கள் நம் படித்தவர்கள். மிருக உணர்ச்சியாம்! மிருக உணர்ச்சிதான், அதிலென்ன குறைச்சல்? வால்டர் கானன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இலேயே புத்தகம் எழுதி விளக்கிவிட்டார். ஆபத்தைக் கண்டதும், சிறுநீரகத்தின்மேல் குந்தியிருக்கும் சிறு சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. இருதயம் விரைகிறது, ஜீரணம் நின்று, ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்து நில், இல்லையேல் ஓடு! கடலுக்கடியில் கிடக்கும் குழாயை எண்ணூர்க்காரன் எப்படி எதிர்த்து நிற்பான்? ஓடினான், பிழைத்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தபோதும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். குண்டு போட்ட கப்பலுக்குத்தான் மரியாதை. கெட்டிக்காரனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். ஓடிப் பிழைத்தவனுக்கு நம் பாஷையில் ஒரு நல்ல சொல் இல்லை.

ஆனால் உடம்பின் இந்த ஏற்பாடு, வந்து போகும் புலிக்காக அமைந்தது. குழாய் போவதில்லையே! எண்ணூரில் உரத் தொழிற்சாலை, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம். அம்மோனியாவுக்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தைப் பாழாக்கியிருந்தது. இரவில் ஏதோ வாடை வந்தால் விழிக்கிற உடம்பு, காலையில் வேலைக்கும் போக வேண்டும். ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை என்றால் சுரந்ததெல்லாம் எங்கே போகும்? ரத்தக் கொதிப்பாகும், தூக்கத்தைக் கெடுக்கும், ஒன்றுமறியாத மனைவிமேல் எரிந்து விழச் சொல்லும்.

இந்த இடத்தில்தான் மன அமைதி உபதேசி வருகிறார். கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்து விடச் சொல்கிறார். அடையாற்றில் நல்ல யோசனைதான். எண்ணூரில் ஆழ இழுத்தால் உள்ளே போவது என்னவென்று அவர் விசாரித்ததுண்டா?

நள்ளிரவில் சங்கு ஊத வேண்டியவர் யார், கடற்காற்று அடித்தால் எந்தத் தெரு வழியே குறுக்காக விலக வேண்டும் என்பதையெல்லாம் பெரியகுப்பத்துக் கிழவிக்கும் சொல்லி வையுங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும் சரக்கு. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்ளவும் சொல்லுங்கள். ஓடுவதை அவள் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.