புல் தூங்கட்டும், சார்!

வீட்டுப் புல்வெளியை - அதாவது 'லான்' என்று நாகரிகமாகச் சொல்கிறோமே, அதை - எப்படி வளர்ப்பது என்று சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியவை. வசந்தம் வந்ததும் உரம் போடு, இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டு, உறைபனியில் புல் மேல் நடக்காதே என்று மாசாமாசம் அட்டவணை போட்டுத் தருவார்கள். தாம்பரத்துக்கு மேற்கே வசந்தம் எந்தத் தேதியில் வருகிறது என்று எந்தக் காலண்டரிலும் போடுவதில்லை. உறைபனி எங்களுக்கு ஃப்ரிட்ஜில் மட்டும்தான்.

சென்னைப் புல்லுக்குத் தமிழ் மாதம்தான் தெரியும். ஆகவே நாமும் புத்தாண்டிலிருந்தே தொடங்குவோம்.

சித்திரை, வைகாசி.

எங்கள் வீட்டு வாசலில் இருப்பது 400 சதுர அடி. அதாவது 37 சதுர மீட்டர். அக்னி நட்சத்திரத்திலும் அது பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டுமானால் தினம் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டராவது ஊற்ற வேண்டும். கணக்குப் போடுங்கள்: 185 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் பன்னிரண்டு குடம்!

மற்ற வருஷமென்றால் சரி. 2019-ல் என்ன செய்வது? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் தரை தட்டிவிட்டன. லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தோம். தெருமுனையில் கலர் கலராகக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. குடத்தை வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவு நீள வரிசை.

எதிர் வீட்டில் ரிடையர்டு பாங்க் மேனேஜர். கொரியன் புல் வைத்திருந்தார். வெல்வெட் மாதிரி இருக்கும். அவர் விடியற்காலை நாலரை மணிக்கு, லைட் போடாமல் எழுந்து வந்து தண்ணீர் விடுவார். இருட்டில் ஆள் தெரியாதுதான். ஆனால் தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கிறதே, அந்த ஜூன் மாதத்தில் அது தெருவுக்கே சங்கீதம். அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பாட்டி குடத்தோடு அவர் கேட்டுக்கே போய் நின்றாள். மனிதர் நல்லவர். ஹோஸைக் குடத்தில் விட்டு நிரப்பிக் கொடுத்தார். அதோடு காலைக் கச்சேரி நின்றது.

எங்கள் வீட்டில் புல் வைக்கோலாகிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் பையன் போனில் தீர்ப்புச் சொன்னான்: "டைல்ஸ் போட்டுடுப்பா. மெயின்டெனன்ஸே கிடையாது." மறுநாள் ஒரு கான்ட்ராக்டர் டேப்போடு வந்து நீளம் அகலம் அளந்தார். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிக்கவே தண்ணியில்ல... இதுக்கு ஒரு வழி பண்ணித்தானே ஆகணும்" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

அப்போதுதான் எங்கள் தோட்டக்காரர் குந்தி உட்கார்ந்து, காய்ந்த கொடி ஒன்றை மண்ணோடு பெயர்த்தெடுத்தார். கணுவில் நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேர் என்று ஈரம்.

"சாவல சார், தூங்குது. தூங்கறவனை எழுப்பியா தண்ணி குடுப்பீங்க? ஆடி வரைக்கும் வுடுங்க."

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் இந்தப் புல் முதலில் இலையைக் கைவிடும். செலவு வைப்பது இலைதானே! உயிரை மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளிலும் கணு மொட்டுகளிலும் பத்திரப்படுத்திக்கொண்டு படுத்துவிடும். மேலே தெரிவது பிணம் அல்ல, போர்வை. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது இரண்டுதான். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் தண்ணீர் (அரிசி, காய்கறி கழுவினதே போதும்). அப்புறம், அதன் மேல் ஸ்கூட்டர் நிறுத்தாமல் இருப்பது. உரம் போடக்கூடாது, வெட்டக்கூடாது. பச்சையாக இருக்கிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பார்க்கவும் கூடாது. அது புல்லுக்காக அல்ல, நமக்கு ரத்தக் கொதிப்பு வராமலிருக்க.

கான்ட்ராக்டரை ஒரு மாதம் பொறுக்கச் சொன்னோம்.

ஆடி, ஆவணி.

2019 ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்ற ஊர் நம் ஊர்! அப்புறம் ஆடியில் சாயங்கால இடி மழை நாலைந்து நாள் அடித்தது. பத்தாம் நாள் காலையில் பால் வாங்கப் போன மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். வைக்கோலுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை. அன்றைக்குப் பார்த்து கான்ட்ராக்டர் போன் செய்தார். "வேணாம்ப்பா, அது முழிச்சிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். குழந்தையைப் பற்றிச் சொல்கிறாள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

எதிர் வீட்டுக் கொரியன் புல்லும் பிழைத்தது. ஆனால் அது நிதானப் பேர்வழி. படுத்தால் எழுந்திருக்க நாளாகும். தீபாவளி வரை வழுக்கை வழுக்கையாகத்தான் இருந்தது.

எங்களுடையது என்ன புல் என்று கேட்கிறீர்களா? நர்ஸரியில் 'பர்முடா' என்று போர்டு வைத்து விற்பார்கள். பெயரைக் கேட்டால் அட்லாண்டிக் கடல் தாண்டிக் கப்பலில் வந்த மாதிரி இருக்கும். தாவரவியல் பெயர் ஸைனோடான் டாக்டிலான். அதாவது, நம்ம அருகம்புல்! பர்முடா தீவு அதற்குப் பூர்வீகமே அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன் என்ற ஊரில் இதையே ஓர் ஆப்பிரிக்க அருகோடு கலந்து, 1960-ல் 'டிஃப்வே' என்று ஒட்டுரகம் வெளியிட்டார்கள். கால்பந்து மைதானம், கோல்ஃப் மைதானமெல்லாம் அதுதான். கல்யாணத்தில் தம்பதியை 'அருகு போல வேரோடி வாழணும்' என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி. வாசலில் 400 சதுர அடி அருகம்புல் இருக்க, என் மனைவி கேட்டுக்கு வெளியே போய்ப் பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு அருகம்புல் வாங்கி வருவாள். "நம்மதை வெட்டி வெட்டி ஒண்ணரை அங்குலத்துல வெச்சிருக்கீங்க. பிள்ளையாருக்கு எப்படி மாலை கட்டறது?"

நியாயம்தான். லானாகிவிட்டால் அருகம்புல்லுக்குக் கூடத் தெய்வ சம்பந்தம் விட்டுப்போகிறது.

புரட்டாசி.

களை எடுக்கிற மாதம். பெரிய வில்லன் கோரை. மேலே இழுத்தால் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். உலகத்திலேயே மோசமான களை என்று விஞ்ஞானிகள் பட்டம் கொடுத்தது இதற்குத்தான். நம் பெண்கள் அதே கோரைக்கிழங்கைக் காயவைத்து அரைத்து, நலங்கு மாவில் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டார்கள். மழைக்கு முன் ஈர மண்ணில் சின்னக் கம்பியால் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி. பிறகு நன்றாக மக்கிய சாணி எருவைச் செம்மண்ணோடு சலித்து, புல் நுனி தெரிகிற மாதிரி மெல்லிசாகத் தூவ வேண்டும். மக்காத எரு போட்டால் எருவோடு ஊரில் உள்ள களை விதையெல்லாம் வந்து இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகை.

சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்தச் சமயத்தில்தான். புல் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆட்டம் போடும். வாரம் ஒரு தரமாவது வெட்ட வேண்டும். 1830-ல் புல் வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரருக்கு அந்த யோசனை, கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை நறுக்கும் மில் இயந்திரத்தைப் பார்த்து வந்ததாம். அதுவரை அரிவாளும் ஆடும்தான். மெஷினோ அரிவாளோ, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். இலைதான் புல்லுக்குச் சமையலறை. பிளேடைச் சாணை பிடிக்கவில்லையென்றால் வெட்டாமல் கடித்துக் குதறும். நுனியெல்லாம் நரைத்துப்போகும். ஈரத்தில் மேலே நடந்தால் மண் இறுகிவிடும்.

இந்த மாதங்களில்தான் நான் இன்னொரு கணக்குப் போடுகிறேன். ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் எங்கள் 400 சதுர அடியில் விழுவது 3,700 லிட்டர். ஏறக்குறைய 250 குடம்! அத்தனையும் உள்ளே இறங்காது, கொஞ்சம் வழிந்து ஓடும்தான். ஆனால் டைல்ஸ் போட்டிருந்தால் முக்கால்வாசிக்கு மேல் தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குள் போயிருக்கும். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியபோது எந்தப் புல்லும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மூன்று நாள் தண்ணீரில் மூழ்கி, இரண்டு அங்குலம் சேறு படிந்து கிடந்தது எங்கள் லான். அந்தச் சேற்றையும் துளைத்துக்கொண்டு பொங்கலுக்குள் வெளியே வந்தது அருகு. வெள்ளத்திலும் சாகாது, வறட்சியிலும் சாகாது. மனிதன் சிமென்ட் போட்டால்தான் சாகும்.

மார்கழி, தை.

ராத்திரி குளிர்ந்தால் அருகுக்கு வளர்ச்சி மந்தம். பனி ஈரமே நிறைய. சாயங்காலம் தண்ணீர் விட்டால் விடிய விடிய ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். விடுவதானால் காலையில். மற்றபடி இது உட்கார்ந்து ரசிக்கிற மாதம். பேப்பரை எடுத்துக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்காருங்கள். வருஷத்தில் ஒன்றரை மாதமாவது லானை அனுபவிக்க வேண்டாமா?

மாசி, பங்குனி.

இங்கேதான் ஆசை வரும். கொஞ்சம் மஞ்சளடித்ததும் ஒரு கை யூரியாவைத் தூவச் சொல்லும் மனசு. தூவினால் புதுத் தளிர் விட்டுக்கொண்டு, சித்திரையில் தண்ணீர் கேட்டு நிற்கும். மெஷினின் உயரத்தைக் கூட்டி வையுங்கள். நீண்ட இலை வேருக்கு நிழல். தண்ணீரை ஒரே நாளில் நிறுத்தாமல், இடைவெளியை நீட்டி நீட்டிப் பழக்குங்கள். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டே தொட்டிலை மெதுவாக விடுவோமே, அந்த மாதிரி.

பிறகு இரண்டு மாதம் வாசலில் வைக்கோல்தான். வருகிறவர்கள் "என்ன சார், லான் போயிடுச்சா?" என்று துக்கம் விசாரிப்பார்கள். உரக்கப் பேச வேண்டாம் என்று சைகை காட்டி, உள்ளே அழைத்துப் போய் மோர் கொடுங்கள்.