ஆறு சென்ட் எங்கிருந்து வந்தது?

தருமபுரி மாவட்டத்தில் நிலத்தின் பரப்பு பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது. பேச்சிலும் பேரத்திலும் அது ஏக்கர், சென்ட். பென்னாகரத்திலோ அரூரிலோ பாகப்பிரிவினைக்கு உட்காரும் அண்ணன் தம்பிகளிடம் ஹெக்டேரில் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ‘மொத்தம் அஞ்சு ஏக்கர்’ என்றால்தான் கணக்குப் போடத் தொடங்குவார்கள். இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில் நிற்பது வரைபடம் போடுகிறவரின் கணினி. அதற்குள் முப்பது நாற்பது வரியில் எழுதப்பட்ட ஒரு லிஸ்ப் நிரல் ஓடுகிறது. நிலத்துக்கு உரியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லிஸ்ப், 1958இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்காக உருவாக்கிய கணினி மொழி. அதன் கிளைகளில் ஒன்றான ஆட்டோலிஸ்ப் 1986இல், வரைபடம் போட உதவும் ஆட்டோகேட் மென்பொருளுக்குள் வந்தது. பெரிய பெரிய கணினி நிறுவனங்களில்கூட லிஸ்ப் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் நம் ஊர் சர்வேயர்கள், சிவில் டிராப்ட்ஸ்மேன்கள், வீட்டு பிளான் போடுகிறவர்கள் ஆகியோரில் பலர் அதை அன்றாடம் கையாள்கிறார்கள். எல்லைக்கோட்டுக்குள் ஒரு சொடுக்கில் பரப்பைச் சென்ட்டில் எழுத ஒரு லிஸ்ப். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி கொண்டுவந்த புள்ளிகளைப் படத்தில் இறக்க ஒன்று. தூர்வார வேண்டிய ஏரிக்குக் குறுக்குவெட்டு போட இன்னொன்று. அரை நாள் வேலையை அவை ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல, கைமாறி வந்தவை. “அண்ணா, அந்தச் சென்ட் லிஸ்ப் இருந்தா கொஞ்சம் அனுப்புங்க” என்று கேட்டால், தெரிந்தவர் மறுப்பதில்லை. பென்டிரைவில் வரும், வாட்ஸ்அப்பில் வரும். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் அங்கிருந்து கொண்டுவருவார்கள். தொழிலில் போட்டி இருந்தும் இப்படிக் கொடுத்து வாங்குவது நல்ல வழக்கம். அதைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஃபைலைக் கொடுத்ததோடு உதவி முடிந்துவிடுகிறதா என்ற ஒரு கேள்வியைத்தான் இங்கே வைக்கிறோம்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, மீட்டரில் 40.47 சதுர மீட்டர். நிரல் எழுதிய யாரோ ஒருவர் அவசரத்துக்கு 40 என்று வைத்துவிட்டார் என்று கொள்வோம். பத்து சென்ட் மனையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து ஏக்கர் புலத்தில் 500 சென்ட் என்று வர வேண்டியது ஏறக்குறைய 506 என்று வரும். அந்த ஆறு சென்ட் 2,600 சதுர அடிக்கும் மேல். இரண்டு வீட்டு மனை. நிலத்தில் இல்லாத அந்த ஆறு சென்ட்டைத் தேடிப் பக்கத்துக் காட்டுக்காரரின் வரப்பு வரை போவார்கள். தவறு வரப்பில் இல்லை, ஒரு ஃபைலின் பன்னிரண்டாவது வரியில் இருக்கிறது என்று அங்கே யாருக்குத் தோன்றும்?

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. நாம் வைக்கும் புள்ளியை மூலையில் சரியாகப் பிடித்து உட்காரவைக்கும் ஆட்டோகேட் வசதிக்கு ஆஸ்நாப் என்று பெயர். பல நிரல்கள் ஓடத் தொடங்கும்போது அதை அணைத்துவிட்டு, முடிந்ததும் பழையபடி போட்டுவிடும். நடுவில் பிழை வந்தாலோ, நாம் எஸ்கேப்பைத் தட்டினாலோ, திரும்பப் போடும் வரிக்கு நிரல் போய்ச் சேராது. ஆஸ்நாப் அணைந்தே கிடக்கும். அடுத்து நாம் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் மூலையில் உட்கார்ந்ததுபோலத் தெரிந்தாலும் மயிரிழை தள்ளி விழும். பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திருப்பும் பகுதியை எழுதுவது ஐந்தாறு வரி வேலைதான். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடும். ஃபைல் மட்டும் கைமாறினால் பத்து வருடம் ஆனாலும் வராது.

வேறு விதமான ஆபத்தும் இருக்கிறது. 2012இல் பெரு நாட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டோகேட் வரைபடங்கள் சத்தமில்லாமல் சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. மெட்ரே என்று பெயரிடப்பட்ட அந்தக் கெடுநிரல் எழுதப்பட்டிருந்ததும் ஆட்டோலிஸ்பில்தான். படம் இருக்கும் ஃபோல்டரிலேயே குறிப்பிட்ட பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைல் கிடந்தால், கேட்காமலேயே அதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஆட்டோகேட்டுக்கு இருந்தது. வரைபடத்தோடு ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தவர்கள், தெரியாமலே அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு வந்த 2014 பதிப்பில், நம்பகமான இடத்தில் இல்லாத நிரலை ஏற்றும் முன் எச்சரிக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்று அதை அணைத்து வைப்பவர்களும், இன்னும் பழைய பதிப்பிலேயே ஓட்டுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஃபோல்டரோடு நகலெடுக்கும் பழக்கமும் அப்படியே இருக்கிறது.

ஆகவே எழுதியவர், கொடுத்தவர், வாங்கி ஓட்டியவர், கையெழுத்துப் போட்டவர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. எழுதியவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆட்டோலிஸ்பில் அரைப்புள்ளி போட்டு எழுதும் வரியை இயந்திரம் படிக்காது, மனிதருக்கானது அது. படம் மீட்டரில் இருக்க வேண்டுமா அடியிலா, எந்த எண்ணால் வகுக்கிறது, எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது, யார் எப்போது திருத்தியது என்று நான்கு வரி தலைப்பில் இருந்தால் போதும். ஆட்டோகேட் 2021 பதிப்பிலிருந்து இவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். பழைய பதிப்பானால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் குறையில்லை. முதலில் எழுதியவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. தவறு தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்ற வழியே அதில் அடைபட்டுப்போகிறது.

வாங்கியவர் அந்த நிரலைச் சோதிக்க, பழைய சர்வே சங்கிலியே போதும். ஒரு சங்கிலி 66 அடி. 66 அடிக்கு 66 அடி சதுரம் வரைந்தால் பரப்பு 4,356 சதுர அடி, சரியாகப் பத்து சென்ட். மீட்டரில் வேலை செய்பவர் பக்கத்துக்கு 20.1168 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். எந்தச் சென்ட் லிஸ்ப் கைக்கு வந்தாலும் முதலில் இந்தச் சதுரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்து வரவில்லையா, அந்த ஃபைலைக் கொடுத்தவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். அவர் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாரோ!

கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். ‘லிஸ்ப் ஓடல அண்ணா’ என்று திரையைக் கோணலாகப் படம்பிடித்து அனுப்பினால், பதில் சொல்ல நினைப்பவரும் சோர்ந்துபோவார். கமாண்ட் வரியில் வந்த வாசகத்தை அப்படியே அனுப்ப வேண்டும். ‘மால்ஃபார்ம்ட் லிஸ்ட்’ என்று வந்திருந்தால் எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடப்படவில்லை. ‘பேட் ஆர்க்யுமென்ட் டைப்’ என்று வந்து பக்கத்தில் ‘நில்’ என்றிருந்தால் மதிப்பு வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பாதி நோய் அந்த வாசகத்திலேயே தெரிந்துவிடும். முழுப் படத்தையும் அனுப்பாமல், பிழை வரும் ஒரு துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் வாடிக்கையாளரின் நிலமும் ஊருக்குத் தெரியாது.

‘சொல்லிக்கொடுத்தால் என் பிழைப்பு போய்விடாதா’ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. சிறிய ஊர், இருப்பதே கொஞ்சம் வேலை. ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுப்பது வெயிலில் நின்று அளந்த அளவுக்கும், அதற்குப் போடும் கையெழுத்துக்கும்தான். நாற்பது வரி நிரலுக்காக யாரும் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போனதாகத் தெரியவில்லை. அதேசமயம், ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் எழுதியதை அந்த நிறுவனத்தைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அந்த எல்லையையும் காக்க வேண்டும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். இந்த உதவி இப்போது ஓடுவது டீக்கடைப் பழக்கத்தில். வரைபடக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கும், வீட்டிலிருந்தே படம் போட்டுக் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அந்த வட்டத்தில் இடமில்லை. அவர்கள் யாரிடம் கேட்பது? ஆகவேதான் நால்வர் அறிந்த பொது இடம் ஒன்று தேவைப்படுகிறது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுவினர் யாருடைய கட்டளையும் இல்லாமல் கூடிக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, எவரும் எடுத்துப் பகிரலாம் என்று வைத்திருக்கிறது. அவர்களிடம் பணம் குவிந்திருக்கவில்லை. ஒழுங்காகக் கூடினார்கள், கற்றதை எழுதி வைத்தார்கள்.

நம் மாவட்டத்தில் செட்டிக்கரையில் 2013 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அங்கே ஒரு கணினி அறையைத் திறந்துவிட்டால், களத்தில் அளப்பவர்களும் வகுப்பில் படிப்பவர்களும் ஒரே மேசையில் உட்காரலாம். நிரல் எழுத மாணவர்களுக்குச் சீக்கிரம் வரும். எந்த எண் எங்கே தவறும் என்பது சர்வேயர்களுக்குத் தெரியும். பொறியாளர் சங்கங்கள் தம் உறுப்பினர்களை அனுப்பலாம். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர்கள் வந்தால் இன்னும் நல்லது.

முதல் கூட்டத்துக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அவரவர் வைத்திருக்கும் சென்ட் லிஸ்பைக் கொண்டுவரட்டும். 66 அடிச் சதுரத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, சரியானதற்கு நான்கு வரி தலைப்பு எழுதி, தவறானதை எல்லோரும் பார்க்கத் திருத்தி, ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் ஆஸ்நாப்பைத் திரும்பப் போடும் அந்த ஐந்தாறு வரிகள். அதற்கடுத்த மாதம் ஏரிக் குறுக்குவெட்டு.