ஹீபர் காலேஜை ஹீபர் தொடங்கவில்லை

ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்குப் பஸ் ஏறும் மாணவர்கள் முதல் அவர்களுடைய தாத்தாக்கள் வரை திருச்சியில் பலர் நம்பும் கதை இது: பிஷப் ஹீபர் இங்கேயே வாழ்ந்தார், கல்லூரியை நிறுவினார், இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்தார், குளத்தில் மூழ்கி இறந்தார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இங்கே வாழ்ந்தாரா? ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் பிஷப். இந்தியா முழுவதும் அன்று அந்த ஒரே மறைமாவட்டத்துக்குள் அடக்கம். சுற்றுப்பயணத்தில் தஞ்சாவூர் வழியாக 1826 ஏப்ரல் 1 அன்று திருச்சி வந்தவர், ஏப்ரல் 3 அன்று இறந்துவிட்டார். மூன்று நாள் விருந்தாளி, அவ்வளவுதான்.

கல்லூரியை நிறுவினாரா? பள்ளி நிறுவிய பிஷப்புகள் இங்கிலாந்தில் உண்டு. வின்செஸ்டர் பிஷப் வில்லியம் விக்காம் 1382இல் பள்ளி தொடங்கியபோது, அதற்குச் சொத்தும் எழுதிவைத்தார், சட்டதிட்டமும் வகுத்தார். ஹீபர் படித்த ஆக்ஸ்ஃபோர்டு பிரேஸ்நோஸ் கல்லூரியே 1509இல் ஒரு பிஷப்பும் சேர்ந்து நிறுவியதுதான். திருச்சியில் ஹீபர் அப்படி எதையும் செய்யவில்லை. செய்ய நாளும் இல்லை. எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம் நடத்திய கல்லூரிக்குப் பிற்காலத்தில் நினைவாக வைத்த பெயர் அது. 1930களில் அந்தக் கல்லூரி திருச்சியில் மூடப்பட்டு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோடு இணைந்தது. தாம்பரத்தில் ஹீபர் விடுதி இருப்பது அதனால்தான். இன்றைய புத்தூர்க் கல்லூரி அதே பெயரில் 1966இல்தான் தொடங்கியது.

இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்தாரா? ஹீபர் வருவதற்கு அறுபது ஆண்டு முன்பே இங்கே இங்கிலீஷ் பள்ளி இருந்தது. 1760களின் தொடக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் படைவீரர்கள் பலர் மாண்டார்கள். அநாதையான அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் பள்ளி திறந்தார்; கோட்டைப் படையினர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தெப்பக்குளம் பக்கத்துக் கிறிஸ்து ஆலயமும் 1766இல் அவர் எழுப்பியதே.

குளத்தில் மூழ்கினாரா? ஏப்ரல் 3 காலை ஹீபர் கோட்டைக்குள் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் சடங்கு நடத்தினார். வெயிலில் களைத்துத் திரும்பி, தங்கியிருந்த வீட்டு வளாகத்துக் குளியல் தொட்டியில் இறங்கினார். நேரமாகியும் அரவம் இல்லையே என்று வேலையாள் உள்ளே போய்ப் பார்த்தபோது, உடல் தண்ணீருக்கடியில் கிடந்தது. உடல் சூடும் களைப்புமாகக் குளிர்ந்த நீரில் இறங்கியதால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்பதே மருத்துவர் சொன்ன காரணம். தெப்பக்குளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“பெயர்தானே, போகட்டும்” என்பார்கள். பெயர் இருக்கட்டும், 42 வயதில் இந்த ஊரில் மாண்டு, புனித யோவான் ஆலயத்தில் அடக்கமானவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் நிறுவனர் பட்டத்தையும் அவருக்கே சூட்டினால், ஷ்வார்ட்ஸும், காசு போட்ட கோட்டைப் படையினரும், மூடிய கல்லூரிக்கு 1966இல் மறுபடி உயிர் கொடுத்தவர்களும் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். இங்கே பள்ளியும் கல்லூரியும் நடக்கக் காரணமானவர்கள் அவர்கள்தான்.