மறைக்காத ஃபில்டர்

நம் ஊர் வீடுகளில் ஃபில்டர் என்றால் முன்பெல்லாம் காபிதான். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் கை செல்போனுக்குப் போகிறது. முகத்தை வெளுப்பாக்குவது, பருவை மறைப்பது, ஐம்பது வயதை முப்பதாக்குவது என்று அதற்கு ஆயிரம் வேலை. ‘ஃபில்டர் போட்ட படம்’ என்றால் ‘நிஜமில்லாத படம்’ என்றே அர்த்தமாகிவிட்டது.

ஆனால், கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி ஃபில்டர் வேறு ரகம். அதில் ஒன்று, கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பை நீக்கி, அடியில் இருப்பதைக் காட்டும். அதன் பெயர் போலரைசர். இன்னொன்று, வெளிச்சமான வானத்தையும் இருட்டான தரையையும் ஒரே படத்தில் சமாதானமாக உட்காரவைக்கும். அதன் பெயர் கிராஜுவேட்டட் ஃபில்டர்.

இரண்டையும் பழகிப் பார்க்க, கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் தோதான ஊர். வடகிழக்கே மலைத்தொடர். தென்மேற்கே சில கிலோமீட்டர் போனால் குளச்சல் கடல். நடுவில் தென்னை, வாழை, தாமரைக் குளங்கள். போதாததற்கு, உலகப் புகழ்பெற்ற ஒரு காணாமல்போன கேமராவோடும் இந்த ஊருக்கு உறவு உண்டு.

எவரெஸ்ட்டில் தொலைந்த கேமரா

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கப்பட்டது. 1922-ல் இங்கே வந்தார் ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த வருடம் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் ஒருவர் அவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டார். இங்கிலாந்தில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூருக்கே திரும்பி வந்து, இருபது வருடங்களுக்கு மேல் வைத்தியம் பார்த்தார்.

1924-ல் மறுபடியும் எவரெஸ்ட் பயணம். ஜூன் 4 அன்று சுமார் 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்து, மேலே ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார் சாமர்வெல். தனியாக ஏறிப்போன நண்பர் நார்ட்டனை அங்கிருந்தபடியே ஒரு படம் எடுத்தார். அதுவரை அவ்வளவு உயரமான மலைச்சரிவில் யாரும் படம் எடுத்ததில்லை. நான்கு நாள் கழித்து சிகரத்தை நோக்கிப் போன மல்லோரியும் இர்வினும் திரும்பவே இல்லை. மல்லோரி கொண்டுபோனதாகச் சொல்லப்படுவது சாமர்வெல்லின் சின்ன கோடாக் கேமராவை. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா இன்னும் கிடைக்கவில்லை.

சாமர்வெல் நல்ல ஓவியரும்கூட. ஓவியருக்கு ஒரு சலுகை உண்டு. வானத்தை வேண்டிய அளவு அழுத்தமாகத் தீட்டலாம். பனியின் வெள்ளைக்குத் தாளை அப்படியே விட்டுவிடலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நீலவானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் லென்ஸில் மஞ்சள் கண்ணாடி மாட்டி வானத்தைக் கொஞ்சம் கறுக்கவைத்தார்கள். கலர் படத்தில் அந்த வித்தை செல்லாது. ஊரே மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும். கலருக்குக் கைகொடுப்பது போலரைசர்.

ஜன்னல் கம்பியும் சர் சி.வி.ராமனும்

போலரைசர் எப்படி வேலை செய்கிறது? ஜன்னலின் செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆட்டினால் அலை கம்பியைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் மோதி நின்றுவிடும். ஒளியும் அப்படி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வரும் அலைதான். ஆனால், தண்ணீரிலோ இலையிலோ கண்ணாடியிலோ பட்டுத் தெறிக்கும்போது, பெரும்பாலும் ஒரே வாட்டத்தில் அதிரும். போலரைசர் என்ற கம்பி ஜன்னலைச் சரியான கோணத்துக்குத் திருப்பினால், அந்தத் தெறிப்பு மட்டும் நின்றுபோகும். மற்ற வெளிச்சம் உள்ளே வரும்.

இதை வைத்து ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்த்தவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று அன்றைய பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பிய ராமன், கையோடு ஒரு நிக்கல் பிரிசம் வைத்திருந்தார். வில்லியம் நிக்கல் என்பவர் 1828-ல் உருவாக்கிய கருவி அது. இன்றைய போலரைசருக்குத் தாத்தா என்று சொல்லலாம். அதன் வழியாகக் கடலைப் பார்த்து, மேற்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்தார். வானத்தின் நிழல் போனது, நீலம் போகவில்லை. முன்பைவிட அழுத்தமாகத் தெரிந்தது!

நிறம் தண்ணீருக்கு உள்ளேயிருந்தே வருகிறது என்ற முடிவோடு ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார் ராமன். ஒளிச்சிதறல் பற்றிய அந்தத் தேடல்தான் 1928-ல் ராமன் விளைவாகவும், 1930-ல் நோபல் பரிசாகவும் முடிந்தது. ஒரு ஃபில்டர் உண்மையை மறைக்கவில்லை. மேலே மூடியிருந்த பளபளப்பை விலக்கி உண்மையைக் காட்டியது.

எங்கே, எப்படித் திருப்புவது?

ராமனிடம் இருந்தது விலையுயர்ந்த கல். 1929-ல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர், அதே வேலையைச் செய்யும் மெல்லிய தகட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதற்குப் பிறகே இது சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. இன்றைக்குக் கடையில் ‘சி.பி.எல்.’ என்று கேட்டால் கொடுப்பார்கள். லென்ஸில் மாட்டிய பிறகும் சுழலும் வளையம் அது. வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும். கேமராவைக் கிடையிலிருந்து நெடுக்காகப் பிடித்தால் மறுபடியும் திருப்ப வேண்டும்.

வானம்: ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள். கட்டைவிரலை அதற்கு நேர்ச் செங்குத்தாக விரியுங்கள். ஆட்காட்டி விரலை நகர்த்தாமல் மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் போலரைசருக்கு வானம் அதிகம் கறுக்கும் இடம். காலையிலும் மாலையிலும் அது ஏறக்குறைய வடக்கும் தெற்கும். நெய்யூரில் நின்று வடக்கே பார்த்து மலையை எடுக்க, அதுதான் நல்ல நேரம். சூரியனுக்கு நேர் எதிரே லென்ஸைத் திருப்பினால் போலரைசரால் வானத்தில் பெரிய பலன் இல்லை. அகலமான காட்சி தரும் லென்ஸில் வானத்தின் ஒரு மூலை கருநீலமாகவும் மறு மூலை வெளிறியும் விழும். அங்கே கழற்றிவிடுவது நல்லது.

குளம்: தலைக்கு மேலிருந்து நேராகக் குனிந்து பார்த்தால் பிரதிபலிப்பு போகாது. தண்ணீர்ப் பரப்புக்குச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்க வேண்டும். கரையில் நின்று, காலடிக்குச் சற்றுத் தள்ளியுள்ள தண்ணீரைப் பார்க்கும் சாய்வு அது. அப்போது தாமரை இலையின் வெள்ளைப் பளபளப்பு போய்ப் பச்சை எழும்; தண்ணீருக்குள் தண்டும் தெரியும்.

தோப்பு: மழை விட்டதும் வாழையிலையும் தென்னையோலையும் வெள்ளையாக மின்னும். போலரைசரின் உண்மையான பலன் அங்கேதான். பலர் இதை வானத்துக்கு மட்டுமான சாமான் என்று நினைத்து, மேகமூட்டமான நாளில் பையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

ஒரு விலையும் உண்டு. போலரைசர், வரும் வெளிச்சத்தில் பாதியிலிருந்து முக்கால் பங்குவரை விழுங்கிவிடும். மங்கலான இடத்தில் படம் ஆடிப்போகும். பித்தளை, வெள்ளி போன்ற உலோகப் பளபளப்பை இதனால் நீக்கவும் முடியாது.

கூலிங் கிளாஸ் போதும்

கேமரா இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டில் ‘போலரைஸ்டு’ கூலிங் கிளாஸ் இருக்கிறதா? கால்குலேட்டர் அல்லது லேப்டாப் திரையை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டுபோனால் அது அசல். அந்தக் கண்ணாடியின் ஒரு பக்கத்தைச் செல்போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்தாலே போலரைசர் தயார்.

இதன் முதல் உபயோகம் கடற்கரையில் அல்ல, கூடத்துச் சுவரில். ஃபிரேம் போட்ட தாத்தா, பாட்டி படத்தைச் செல்போனில் எடுக்கும்போது ஜன்னலும் டியூப்லைட்டும் கண்ணாடியில் விழுந்து முகத்தை மறைக்கும். பழைய ஃபிரேமைப் பிரித்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிழியும் ஆபத்து உண்டு. நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். கூலிங் கிளாஸைச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் பிரதிபலிப்பு மங்கி, தாத்தா தெளிவாக வருவார். படம் சாய்வாக விழுந்ததை, செல்போனில் உள்ள ஸ்கேன் வசதியில் நேராக்கிக்கொள்ளலாம். கல்யாணக் காருக்குள் இருக்கும் மணமக்களைக் கண்ணாடி வழியாக எடுப்பதற்கும் இதே வழிதான்.

வானத்துக்கு ஒரு குடை

இனி கிராஜுவேட்டட் ஃபில்டர். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி தெளிவு. சதுரமான கண்ணாடியை லென்ஸின் முன்னுள்ள சட்டத்தில் செருகி, மேலும் கீழும் நகர்த்தலாம். ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் தமிழ்நாடே பார்த்த முட்டம் கடற்கரையில் அந்தி நேரத்தை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வானத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்தால் பாறை கரிக்கட்டை. பாறைக்குச் சரிசெய்தால் வானம் வெள்ளைத்தாள். இந்தக் கண்ணாடி வானத்துக்கு மட்டும் குடை பிடிக்கும்.

0.3 என்று எழுதியிருந்தால் வெளிச்சம் பாதியாகும். 0.6 கால் பங்காக்கும். 0.9 எட்டில் ஒரு பங்காக்கும். கடல்போல நேர்க்கோடாக முடியும் இடத்துக்குக் கறுப்பு சட்டென்று முடியும் ‘ஹார்டு’ வகை. நெய்யூர்போலத் தென்னந்தலைகள் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மெல்ல மங்கும் ‘சாஃப்ட்’ வகை. மாற்றிப் போட்டால் தென்னையின் தலை மட்டும் கறுத்து, ஃபில்டர் போட்ட குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடலோரத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த மாவட்டக் கடலில் ‘கள்ளக்கடல்’ எனும் பேரலை, காற்றோ மழையோ இல்லாத நாளிலும் வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரை அலை கொண்டுபோனது. ஃபில்டரைச் சரிசெய்பவரின் கண் கேமராத் திரையில்தான் இருக்கும். எச்சரிக்கை விடுத்த நாளில் பாறைப் பக்கமே போகக் கூடாது. மற்ற நாளிலும் கடலைப் பார்த்துக்கொள்ளக் கூடவே ஓர் ஆள் வேண்டும்.

எதை வாங்குவது?

கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் போலரைசர். காரணம் இதுதான்: வானம் அதிகம், தரை குறைவு என்ற வெளிச்சக் கணக்கைச் செல்போனே இன்று சரிசெய்துவிடுகிறது. ‘ஹெச்.டி.ஆர்.’ என்பது வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த சில படங்களை ஒன்றாக இணைக்கும் வேலைதான். அலையும் ஓலையும் ஆடும்போது அது சில சமயம் தடுமாறும். அந்தக் குறை பொறுக்காதவர்கள் மட்டும் கிராஜுவேட்டட் கண்ணாடி வாங்கினால் போதும். ஆனால், தண்ணீரின் பளபளப்புக்கு அடியில் இருந்த மீனைப் படம் எடுத்த பிறகு எந்த ஆப்பாலும் உள்ளபடி மீட்க முடியாது. கேமராவுக்குள் வராததை ஆப் கற்பனையாக வரையலாம், காட்ட முடியாது.

வைத்திருக்கும் லென்ஸ்களில் எது பெரிதோ அதன் அளவுக்கு ஒரே போலரைசர் வாங்கி, மற்றவற்றுக்கு ‘ஸ்டெப்-அப் ரிங்’ போட்டுக்கொள்ளலாம். செலவு மிச்சம்.

வாங்கியதும் ஒரு ஆசை வரும்: எப்போதும் முழுதாகத் திருப்புவது. அது வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரைக்கு அழகே அந்தக் கண்ணாடிப் பளபளப்புதான். அதைத் துடைத்துவிட்டால் வெறும் தரை. முகத்தின் மினுமினுப்பு மொத்தமாகப் போனால் ஆள் வாடித் தெரிவார். வானவில்லின் ஒளியும் ஒரே வாட்டத்தில் அதிர்வதுதான் என்பதால், தப்பான கோணத்தில் வளையம் நின்றால் எதிரே இருக்கும் வானவில் படத்திலிருந்து மறைந்தேபோகும். மழை வெயில் நேரத்தில் அவசரமாக எடுப்பவர்கள், அழுத்துவதற்கு முன் வளையத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது.