நிலம் காக்கச் சம்பளம் கொடுங்கள்

காவிரிப் படுகையில் ஒரு வயலை மனையாக்கப் பெரிய தகிடுதத்தம் எதுவும் வேண்டாம். சில போகம் சும்மா போட்டால் அடங்கலில் ‘தரிசு’ என்று ஏறிவிடும். பிறகு கிராவல் அடித்துப் பாதை போடுவார்கள், வண்ணக் கொடி கட்டுவார்கள், வரப்பு இருந்த இடத்தில் வெள்ளையடித்த கல் நடுவார்கள். பாதைக்கு அடியில் கன்னி வாய்க்கால் மூடிப்போகும். கீழ்மடைக்காரர் வயலுக்குச் சம்பாவில் தண்ணீர் ஏறாது. ஐப்பசி மழை வடியவும் செய்யாது. அடுத்த ஆண்டு அவரும் தரகரைத் தேடுவார்.

இந்தப் படுகைக்காக 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தாமிர உருக்காலையையும் தோல் ஆலையையும் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் தடுக்கிறது. நல்லது. அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு மட்டும் இல்லை. சட்டத்தைக் கண்காணிக்கும் அமைப்புக்கு முதலமைச்சரே தலைவர். வாய்க்காலை மூடும் அன்று அங்கே போய் நிற்க வேண்டியவர் யார்?

நஞ்சையை மாற்ற ஆட்சியரின் இசைவு வேண்டும், வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். விதை, உரம், மானியம், பயிர்க் காப்பீடு என்று மூச்சுத் திணறும் அலுவலகத்துக்கு அது இன்னொரு கோப்பு, அவ்வளவே.

நிலத்தைக் காக்கும் வேலையை இதுவரை ஊதியமின்றிச் செய்தவர்கள் உண்டு. இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போய் 1996-இல் தீர்ப்புப் பெற்றவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் உயிர்விட்டார் நம்மாழ்வார். வயது 75, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு வந்த வேளாண் பட்டதாரி. முதியவர்களின் தியாகத்தை நம்பி நிலத்தை விட்டுவைப்பது ஓர் அரசுக்கு அழகா?

வேளாண் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். வங்கிக்கும் உரக் கம்பெனிக்கும் போகிறார்கள். வட்டாரத்துக்கு ஒருவரை விளைநிலப் பாதுகாப்புக்கென்றே நியமிக்க வேண்டும். நஞ்சைகளைச் சர்வே எண்வாரியாகப் பட்டியலிட்டு ஊராட்சியில் ஒட்டுவது, மாற்றக் கேட்கும் மனுவுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்வது, தேவைப்பட்டால் கொள்கையை மாற்றச் சொல்லி மேலே வாதாடுவது, இவை அவருடைய வேலை. இதற்கு முன்மாதிரி உண்டு: கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டம் ஊராட்சிதோறும் கண்காணிப்புக் குழு வைத்து, வேளாண் அலுவலரை அதற்கு அமைப்பாளராக்கியது. பின்னால் 2018 திருத்தம் அதை நீர்த்துப்போகச் செய்தது வேறு கதை.

விவசாயி விற்கக் கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நெல்லில் மிஞ்சாதவரிடம் நிலத்தைக் கட்டிக்கொண்டு அழு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டியில் 1970-களிலேயே வழி கண்டார்கள்: கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் அரசு விலை கொடுத்து வாங்கிவிடும், நிலமும் சாகுபடியும் விவசாயியிடமே இருக்கும். இங்கே அதற்கு என்ன விலை, யார் தருவது என்று கணக்குப் போட்டுச் சொல்லவும் ஆள் வேண்டும்.

2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை படிக்கும் அரசு, அடுத்த அறிக்கையில் டெல்டா வட்டாரங்களுக்காவது இந்தப் பணியிடங்களை அறிவிக்கட்டும். கூடவே, தடைப் பட்டியலில் மனைப்பிரிவையும் சேர்க்கட்டும்.