640 கிலோபைட்டு கற்பித்த பாடம்

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் வசிக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், பழைய மடிக்கணிப்பொறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவனுடைய அக்கா கல்லூரியில் படித்தபோது பயன்படுத்தியது அது. "சார், ஆன் பண்ணினா அஞ்சு நிமிஷம் ஆகுது. புதுசு வாங்கித்தான் ஆகணும்னு கடையில சொல்றாங்க. அப்பா தவணையில வாங்கலாம்னு சொல்றாரு" என்றான்.

கணிப்பொறியை மேசைமீது வைத்து இயக்கினோம். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி வேறு. "பொத்தானை அழுத்தியதும் இதற்குள் யார் யார் எழுந்து வந்து உட்காருகிறார்கள் என்று தெரியுமா?" அவனுக்குத் தெரியவில்லை. தொடக்கத்திலேயே தாமாக இயங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். 14 பெயர்கள் இருந்தன. அவற்றுள் 9 நிரல்களை அவன் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. சிலவற்றின் பெயரையே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

மாணவ நண்பர்களே, "பற்றவில்லை, புதிதாக வாங்கு" என்ற முடிவுக்கு வருமுன், "இருப்பது எங்கே போகிறது?" என்று கணக்குப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய கணிப்பொறி. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மேசையும் பீரோவும்

கணிப்பொறியில் தகவல் தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வட்டு, இதை பீரோ என்று கொள்ளுங்கள். மற்றொன்று நினைவகம், இது நீங்கள் உட்கார்ந்து எழுதும் மேசை. பீரோவில் நூறு புத்தகம் இருக்கலாம். ஆனால் படிக்கவேண்டிய புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவந்து விரித்தால்தான் வேலை நடக்கும். மேசை நிறைய வேண்டாத பொருள்கள் கிடந்தால், பீரோ எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் இருந்த இன்டெல் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒரு நிலையில் இருக்கும். ஆகவே அது சுட்டக்கூடிய முகவரிகள் 2-இன் 20-ஆம் அடுக்கு. அதாவது 10,48,576 பைட்டுகள். இதையே ஒரு மெகாபைட்டு என்கிறோம். இந்த ஒரு மெகாபைட்டு, அதாவது 1024 கிலோபைட்டு, இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கீழ்ப்பகுதியான 640 கிலோபைட்டு நிரல்களுக்கு. மேற்பகுதியான 384 கிலோபைட்டு திரைக்காட்சிக்கும், துணை அட்டைகளுக்கும், கணிப்பொறியைத் தட்டி எழுப்பும் நிலை நினைவகத்துக்கும்.

அன்றைக்கு 640 கிலோபைட்டு பெரிய மேசைதான். பின்னர் 80286, 80386 என்று செயலிகள் வளர்ந்தன. 4 மெகாபைட்டு, 8 மெகாபைட்டு நினைவகம் பொருத்தினார்கள். ஆனால் டாஸ் என்னும் இயக்கமுறையும் அதற்காக எழுதப்பட்ட நிரல்களும் பழைய எல்லையை விட்டு வெளியே வர இயலவில்லை. வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம் இருந்தும், எல்லோரும் முன்னறையிலேயே நெருக்கியடித்து நின்ற நிலை அது.

தமிழருக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் கணிப்பொறியின் நிலை நினைவகத்திலேயே பதிந்து வந்தன. தமிழ் எழுத்துகளுக்கு அந்த வசதி இல்லை. 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். தமிழ் எழுத்து வடிவங்களும் அவற்றைத் திரையில் வரையும் நிரலும் சேர்ந்து நினைவகத்தில் இடம்பிடிக்கவேண்டிய காலம் அது. இந்திய மொழிகளுக்கான 'ஜிஸ்ட்' தொழில்நுட்பத்தை சி-டாக் நிறுவனம் ஒரு தனி அட்டையாகவே செய்து கணிப்பொறியில் செருகும்படி வழங்கியது.

விண்ணப்பம் எழுதிய கதை

1996-ஆம் ஆண்டு. நான் இயற்பியல் இளநிலை மாணவன். எங்கள் ஆய்வகத்தில் 4 மெகாபைட்டு நினைவகம் கொண்ட ஒரு 386 கணிப்பொறி இருந்தது. கோள்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் நிரல் ஒன்றை இயக்க முயன்றோம். அதற்கு 580 கிலோபைட்டு தேவை. "போதிய நினைவகம் இல்லை" என்ற செய்திதான் திரையில் வந்தது. உடனே என்ன செய்தோம்? மேலும் 4 மெகாபைட்டு வாங்கப் பணம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டோம். அந்த நாளில் நினைவகச் சில்லின் விலை சாதாரணமானதன்று.

ஆய்வக உதவியாளர் விண்ணப்பத்தைப் படித்துச் சிரித்தார். "தம்பி, நாலு மெகாபைட்டுல நாலாயிரம் கிலோபைட்டு இருக்கு. உனக்கு வேண்டியது 580. இன்னும் நாலு வாங்கிப்போட்டா மட்டும் ஓடிடுமா?" என்றார். நாங்கள் விழித்தோம். நினைவகம் எங்கே செலவாகிறது என்று காட்டும் 'மெம்' என்ற கட்டளையை அவர் தட்டினார். அன்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட கணக்கு ஏறத்தாழ இதுதான்: டாஸ் 60 கிலோபைட்டு, வட்டிலிருந்து படிப்பதைத் தாங்கிவைக்கும் 40 தாங்கிகள் 21, வட்டு வேகமூட்டும் நிரல் 28, மவுஸ் நிரல் 16, தட்டிய கட்டளைகளை நினைவில் வைக்கும் நிரல் 4. ஆகமொத்தம் 129. 640-இல் 129 போக மீதி 511. எங்களுக்குக் குறைந்தது 69 கிலோபைட்டு. புதிய சில்லு வாங்கியிருந்தால் அது 640-க்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும். இந்த 511, 511-ஆகவே இருந்திருக்கும்! பணமும் போயிருக்கும், கோளும் நகர்ந்திருக்காது.

இரண்டு சிறு கோப்புகள்

டாஸ் கணிப்பொறி எழும்போது இரண்டு கோப்புகளைப் படிக்கும். முதலாவது கான்பிக்.சிஸ், எந்தெந்தக் கருவியை இயக்கும் நிரல்கள் வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது ஆட்டோஎக்செக்.பேட், எழுந்ததும் செய்யவேண்டிய கட்டளைகளின் பட்டியல். இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள். யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

உதவியாளர் முதலில் கான்பிக்.சிஸ்ஸில் மூன்று வரிகளைச் சேர்த்தார். முதல் வரி ஹைமெம்.சிஸ். இது ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளர். இரண்டாவது இஎம்எம்386. இது 386 செயலியின் முகவரி மாற்றும் திறனைப் பயன்படுத்தி, மேற்பகுதி 384 கிலோபைட்டில் யாரும் குடியிராத முகவரிகளுக்குப் பின்னால் உண்மையான நினைவகத்தைக் கொண்டுவந்து வைக்கும். மூன்றாவது 'டாஸ்=ஹை,யுஎம்பி' என்னும் வரி. இவற்றின் வரிசை முக்கியம். இரண்டாமவர் முதலாமவரிடம் நினைவகத்தைக் கேட்டு வாங்கவேண்டும். ஆகவே முதலாமவர் முன்னதாக வந்திருக்கவேண்டும். 1991-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 5 இந்த வசதிகளைத் தந்தது.

'டாஸ்=ஹை' என்றால் டாஸின் பெரும்பகுதி எங்கே போகிறது? இங்கே ஓர் அழகான கணக்கு உண்டு. இன்டெல் செயலி முகவரியை இரண்டு எண்களால் குறிக்கும். முதல் எண்ணை 16-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டவேண்டும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 65,535. எனவே மிகப்பெரிய முகவரி 65,535 × 16 + 65,535 = 11,14,095. ஆனால் ஒரு மெகாபைட்டின் கடைசி முகவரி 10,48,575 தானே? வித்தியாசம் 65,520. 20 கம்பிகள் உள்ள 8088-இல் இந்த மிகை முகவரிகள் சுழன்று மறுபடி பூஜ்யத்துக்கே வந்துவிடும். 286 முதல் கூடுதல் கம்பிகள் இருந்தபடியால், 21-ஆம் கம்பியைத் திறந்துவிட்டால் அந்த 65,520 பைட்டுகளும் டாஸுக்கே கிடைத்தன. கூட்டல் கணக்கின் மீதியில் ஓர் அறையே கிடைத்தது, பாருங்கள்!

பிறகு மவுஸ் நிரலும் மற்றவையும் மேற்பகுதிக்கு மாறின. வட்டு வேகமூட்டும் நிரல் இருக்கும்போது 40 தாங்கிகள் தேவையில்லை என்று அவற்றைக் குறைத்தார். புதிய மேலாளர்கள் இருவருக்கும் சேர்த்துக் கீழே சுமார் 4 கிலோபைட்டு செலவு. டாஸின் மிச்சம் 16. ஆக, 640-இல் 20 போக 620 கிலோபைட்டு கிடைத்தது. கோள்கள் சுற்றின. விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்டோம்.

ஆனால் முதல் முயற்சியிலேயே இது நடந்துவிடவில்லை. முதலில் திரை உறைந்து நின்றது. காலி என்று நினைத்த முகவரியில் ஏற்கெனவே ஒரு துணை அட்டை குடியிருந்தது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு! நெகிழ்வட்டிலிருந்து கணிப்பொறியை எழுப்பி, அந்த முகவரியைத் தவிர்க்குமாறு ஒரு சொல்லைச் சேர்த்தபின் சரியாயிற்று. மாற்றுமுன் பழைய கோப்பை நகலெடுத்து வைத்திருந்தபடியால் நாங்கள் தப்பித்தோம்.

நிரல்களை மேலே ஏற்றும் வரிசையும் ஒரு புதிர்தான். ஆறு நிரல்கள் இருந்தால் 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 720 வரிசைகள். பெரிய பெட்டியை முதலில் வைத்தால்தான் வண்டியில் இடம் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். 1993-இல் எம்எஸ்-டாஸ் 6 உடன் வந்த 'மெம்மேக்கர்' இந்தத் தேடலைத் தானே செய்தது.

வாயேஜர் சொல்வது

"சார், இதெல்லாம் பழங்கதை. இன்று கிகாபைட்டுக் கணக்கில் நினைவகம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தைப் பாருங்கள். 2023 நவம்பரில் அது பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. அதன் கணிப்பொறி ஒன்றில் ஒரு நினைவகச் சில்லு பழுதாகி, சுமார் 3 விழுக்காடு நினைவகம் கெட்டுவிட்டது என்று கண்டறிந்தார்கள். 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் யார் போய்ச் சில்லை மாற்றுவது? பாதிக்கப்பட்ட நிரல் முழுவதையும் வைக்க வேறெங்கும் ஒரே இடமாகக் காலியில்லை. எனவே அதைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடங்களில் வைத்து, ஒன்றையொன்று தேடிப்பிடிக்கும்படி முகவரிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். செய்தி போய்ச்சேர இருபத்திரண்டரை மணி, பதில் வர இருபத்திரண்டரை மணி. ஏப்ரல் 20 அன்று விண்கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது. எங்கள் ஆய்வக உதவியாளர் செய்ததும் இதே இனத்து வேலைதான்.

என் கருத்து

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸை ஏற்காத, ஆனால் நன்றாக ஓடும் கணிப்பொறிகள் பல வீடுகளில் உள்ளன. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் கிடைத்தவையும் பரண்களில் கிடக்கின்றன. இவை எங்கே போகும்? எங்கள் ஊர்ச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே சதுப்பின்மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடும் எழுந்தது. பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கும். எறிவதற்கு முன் யோசிக்கவேண்டியவர்களுள் நாங்கள் முதல்வரிசை.

எல்லாப் பழைய கணிப்பொறியையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயக்கமுறையோடு இணையத்தில் உலவுவது ஆபத்து. அப்படிப்பட்டவற்றில் லினக்ஸ் வகையைச் சார்ந்த, சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' போன்ற இயக்கமுறைகளின் இன்றைய பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். சில வேலைகளுக்கு உண்மையிலேயே கூடுதல் நினைவகம் வேண்டும். அப்போது வாங்கத்தான் வேண்டும். ஆனால் அளந்து பார்த்தபின் வாங்குவது வேறு, அளக்காமல் வாங்குவது வேறு.

நம் பள்ளிகளில் கணிப்பொறியைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறோம். பொத்தானை அழுத்தியதற்கும் திரை தெரிவதற்கும் இடையே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பழைய கணிப்பொறியை மாணவர் திருத்திப் பழகவென்றே ஒதுக்கலாம். 1994-இல் ஜிம் ஹால் என்னும் அமெரிக்க இயற்பியல் மாணவர் தொடங்கிய 'ஃப்ரீடாஸ்' இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தொடக்கக் கோப்பில் ஒரு வரியை மாற்றுவது, நினைவகத்தை அளப்பது, குறிப்பேட்டில் எழுதுவது என்று செய்தால் அது ஒரு நல்ல செய்முறைப் பயிற்சி. இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவி பிடிப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று.

பழகுவோருக்கு நான்கு விதிகள்: மாற்றுமுன் நகலெடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, முன்னும் பின்னும் அளந்து எழுது, என்னவென்று தெரியாததை நீக்காதே.

எங்கள் தெரு மாணவன் இந்த விதிகளின்படி ஒன்பது நிரல்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். வைரசுத் தடுப்பு நிரலில் கை வைக்கவில்லை. ஐந்து நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. மின்கலம் மட்டும் செத்துவிட்டது. அதை மாற்றித்தான் ஆகவேண்டும். அவனுடைய அப்பா தவணைக்குப் போகவில்லை; மின்கலத்தின் விலையைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுக் கணிப்பொறி இன்று எழும்போது எத்தனை பேர் அதனுடன் சேர்ந்து எழுகிறார்கள்? இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.